நாலரை மணிக்கு வீட்டில் ஆள் வேண்டும்

தம்பி,

பஸ் திண்டுக்கல்லைத் தாண்டிய பிறகு இதைப் பிரித்துப் படி. அதற்கு முன்னால் படித்தால் நடுவழியில் இறங்கி, எதிர்ப் பஸ் பிடித்துத் திரும்பி வந்து என்னோடு சண்டை போடுவாய். பெற்றவளுக்கு அதுகூடவா தெரியாது? பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஈரோட்டில் நீ அந்தப் பெட்டியை ஒழுங்காகப் பிரித்து அடுக்க ஒரு வாரம் ஆக்குவாய். அதனால் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு சேர்த்து வைக்கப்போகிறேன். புளியோதரை எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துவிட்டுப் படி.

நேற்று மத்தியானம் உன் சட்டைகளை நான் மடித்துக்கொண்டிருந்தபோது நிலைப்படியில் சாய்ந்துகொண்டு கேட்டாய். "நான் ஊரை விட்டே போறேன். உனக்கு ஒண்ணுமே இல்லியாம்மா?" நான் தலையை நிமிர்த்தாமல் "இல்லை" என்றேன். நீ வெளியே போய்விட்டாய். ஜவுளிக் கடையில் உனக்குக் கணக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து உன் அப்பா கண்ணைத் துடைத்தபடிதான் திரிகிறார். எதிர்வீட்டு டீச்சர்கூட உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார். நான் மட்டும் சட்டைக்குப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். ஆனால் நான் சொன்னது பொய்யில்லை. எனக்கு உள்ளே ஒன்றும் அசையவில்லை. வேலை கிடைத்த செய்தியை நீ சொன்னபோதும் அசையவில்லை. மரத்துப் போயிருக்கிறது. எப்போதிலிருந்து என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேரில் சொல்ல வராது. நாள் முழுவதும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சுக்கு லைன் போட்டுக் கொடுக்கிறவளுக்குச் சொந்தப் பேச்சு வாய்ப்பதில்லை.

அந்த இரண்டு வருஷத்தில் நடந்ததில் பாதி உனக்கு நினைவில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். மாத்திரை துடைத்தது கொஞ்சம், நோய் துடைத்தது கொஞ்சம். "என்ன நடந்துச்சும்மா, சொல்லு" என்று நீ கேட்கும்போதெல்லாம் அப்புறம் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இப்போது சொல்கிறேன். ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து படி.

நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் நான் டூட்டி முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, நீதான் எல்லா லைனையும் கேக்குறியே. என்னைப் பத்திப் பேசுறது யாரு?" என்றாய். நான் விளையாட்டு என்று நினைத்து, "வெளியூர்ல இருந்து டிரங்கால் போட்டு உன்னைப் பத்திப் பேச எவன்டா இருக்கான்?" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. மறுநாளும் அதையே கேட்டாய். பிறகு ஜன்னல்களுக்குச் செய்தித்தாள் ஒட்டினாய். டிரான்சிஸ்டரைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தாய். குளிக்க மாட்டேன் என்றாய். தூக்கத்தில்கூடக் காதைப் பொத்திக்கொண்டு படுத்தாய். அப்பா எங்கெங்கோ அலைந்து மந்திரித்த கயிறுகளாக வாங்கி வந்து உன் கையில் கட்டினார். மணிக்கட்டு மறைகிற அளவுக்குக் கயிறு சேர்ந்தது. கடைசியில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். இரும்புக் கதவுக்கு உள்ளே நீ, வெளியே நாங்கள். தலையில் கரண்ட் வைத்தார்கள். திரும்பி வந்தபோது உன் முகம் வீங்கியிருந்தது. உதட்டோரம் எச்சில் ஒழுகுவது உனக்கே தெரியவில்லை. வந்த அன்று என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "மறுபடியும் அங்க மட்டும் அனுப்பிராதம்மா" என்றாய். சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட நீ அப்படிக் கெஞ்சியதில்லை. அந்த இரும்புக் கதவைப் பூட்டிய அன்று நான் அழுத அழுகைதான் கடைசி. அதற்குப் பிறகு எனக்கு அழுகை வரவில்லை, உன் தாத்தா சாவுக்குக்கூட.

பகல் வார்டைப் பற்றிச் சொன்னது எங்கள் சூப்பர்வைசர் அம்மாதான். அரசரடிப் பக்கம் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து ஒரு டாக்டரம்மா நடத்துகிறார், உன் வயசுப் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொள்கிறார், காலையில் போய்விட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார். ஆஸ்பத்திரி என்றால் படுக்கை இருக்கும், பக்கத்தில் துணைக்கு ஒரு ஆள் இருக்கும், ராத்திரி நர்ஸ் வந்து விளக்கை அணைப்பாள். படுக்கையே இல்லாத ஆஸ்பத்திரியை நானும் அப்பாவும் கேள்விப்பட்டதே இல்லை. போய்ப் பார்த்தோம். கூடத்தில் பாய் விரித்திருந்தது. கேரம் போர்டு ஒன்று, பின்பக்கம் சமையல்கட்டு. ஒரு பெண் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நோயாளியா வேலைக்காரியா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "பகலுக்கு நாங்க பொறுப்பு. மருந்து, ஊசி, பேச்சு, வேலை எல்லாம் இங்க. ராத்திரிக்கு இவங்களுக்கு வீடு வேணும். சாயங்காலம் நாலரைக்கு வீட்ல ஆள் இருக்கணும். பூட்டின வீட்டுக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன். பையனும் நேரா வீட்டுக்கு வந்து சேரணும். அதுல தப்புனா என்னால வச்சுக்க முடியாதும்மா. படுக்கை இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதிக் குடுப்பேன்." நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். கடைசி வார்த்தையைக் கேட்டதும் உன் முழங்கால் ஆட ஆரம்பித்தது.

அப்பாவுக்கு மில்லில் மத்தியான ஷிப்ட், நடு இரவில்தான் வருவார். எனக்கும் அப்போது மத்தியான ஷிப்ட்தான். அந்த ஷிப்ட் எனக்குப் பிடிக்கும். வியாபார நேரம், லைனெல்லாம் கொதித்துக்கொண்டிருக்கும். ஐந்து மணிக்கு யாராவது ஒருத்தி சுண்டல் கொண்டுவருவாள். ஒரு காதில் விருதுநகர் மிளகாய் மண்டியும் மறு காதில் சிரிப்புமாகப் பொழுது போவது தெரியாது. அதை விட்டுவிட்டு விடியற்காலை ஷிப்ட் வாங்கிக்கொண்டேன். மூன்று மணிக்கெல்லாம் விளாங்குடி வீட்டில் இருப்பேன். இதைத் தியாகம் என்று நினைத்துவிடாதே. ஷிப்ட் மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

நீ போக ஆரம்பித்தாய். முதல் சில நாள் அப்பா கூட வந்தார். பிறகு தனியாகவே பஸ் ஏறினாய். அங்கே காலையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து நேற்றுச் சாயங்காலம் வீட்டில் என்ன செய்தோம் என்று ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிறகு செய்தித்தாள் வாசிப்பு. பிறகு சமையல், பதினொரு மணிக்கே வெங்காய வாசனை தெருவரைக்கும் வரும். மத்தியானம் பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னுவது, கேரம், ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டுப் பேசுவது. சனிக்கிழமை பெற்றவர்களும் வர வேண்டும். நீ கத்தரிக்காய் நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவில் இருக்கும். "இவன் நறுக்குன கொழம்புல பாதி வேகும், பாதி வேகாது" என்று உன்னைக் கேலி செய்கிற அளவுக்கு அந்தப் பிள்ளைகள் தேறியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை நீ அந்தக் கேலிக்குச் சிரித்தாய். பல்லெல்லாம் தெரிய இல்லை, உதடு கொஞ்சம் பிரிந்தது. அப்பா என் கையை அழுத்தினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நல்லது என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் எனக்குள் எழவில்லை.

இனிமேல் வருவதுதான் உனக்கு முழுதாகத் தெரியாதது.

நீ ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறாய் என்ற செய்தி செக்கானூரணிப் பக்கம் அப்பாவின் ஊருக்குப் போய்விட்டது. நம் ஜனங்களைத்தான் உனக்குத் தெரியுமே. உடம்புக்கு முடியாதவனைப் போய்ப் பார்க்காமல் இருந்தால் அது பெரிய குறை. பத்து வருஷம் கழித்தும் "எங்க வீட்ல ஆஸ்பத்திரியில கெடந்தப்ப எட்டிப் பாத்தியா?" என்று பந்தியில் வைத்துக் கேட்பார்கள். ஆனால் இந்த ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் கிடையாது, போனால் டாக்டரம்மா திருப்பி அனுப்பிவிடுகிறார். சரி, ஆஸ்பத்திரியில் பார்க்க முடியாவிட்டால் என்ன, சாயங்காலம் வீட்டில்தானே இருக்கிறான் என்று எல்லாரும் விளாங்குடிக்கு வர ஆரம்பித்தார்கள். ஐந்து மணிக்கு நம் வாசலில் செருப்புகள் நிறைந்துவிடும். ரொட்டி, ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ் பாட்டில். அலமாரியில் இடமில்லாமல் ஹார்லிக்ஸ் பாட்டில்களைக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். உன்னைக் கூடத்து நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே பாயில் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். "தூங்குறியாப்பா?" "சாப்பிடுறானா?" "எம்புட்டு எளைச்சுட்டான் பாரு." பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். ஒருவர் உன் கண்ணைக் கீழே இழுத்துவிட்டுப் பார்த்தார். நான் சமையல்கட்டில் நின்று காபி போட்டுக்கொண்டே இருந்தேன். விருந்தாளிக்குக் காபி போடாமல் இருக்க முடியுமா? பகல் முழுக்க அங்கே கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு சாதாரண ஆளாக இருந்துவிட்டு, சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்து நீ நோயாளியானாய். எனக்கு அது புரியவே இல்லை. வருகிறவர்கள் பாசத்தோடு வருகிறார்கள் என்றே நினைத்தேன். அவர்கள் பாசத்தோடுதான் வந்தார்கள்.

வருகிறவர்களில் முதல் ஆள் உன் அத்தை, அப்பாவின் அக்கா. நீ கைக்குழந்தையாக இருந்தபோது என் டூட்டி நேரத்தில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள். அவள் மகளை உனக்கென்றுதான் சொல்லி வைத்திருந்தோம். உன்னைப் பார்த்ததும், "என் மருமகனே, எப்படி இருந்த ராசா நீ" என்று ஆரம்பித்தாள் என்றால் தெருவே கேட்கும். அவள் அழுகை நடிப்பில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிடுவாள் என்று மாமா சொல்வார்.

கொஞ்ச நாளில் நீ நாலரைக்கு வருவது நின்றுபோனது. ஐந்தரை, ஆறு, பிறகு விளக்கு வைத்த பிறகு. எங்கேடா போனாய் என்றால் டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விடுவாய். டாக்டரம்மா என்னை வரச்சொன்னார். "நாலு மணிக்கு இங்க இருந்து கெளம்பிருறான். வீட்டுக்கு வரலைன்னா எங்க போறான்? எனக்கு ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குதும்மா. இந்த வாரம் பார்ப்பேன். சரியா வரலைன்னா எழுதிக் குடுத்துருவேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் பொறுப்பில் அத்தனை பிள்ளைகள், ஒருத்தனுக்கு ஒன்று ஆனால் அந்த வீட்டையே பூட்டிவிடுவார்கள். செய்தி அறிந்து அத்தை வீட்டு மாமா அதற்குள் உன்னைப் பழைய ஆஸ்பத்திரியிலேயே சேர்க்க ஏற்பாடு செய்துவிட்டார். "வேலையத்த வேலை இந்தப் பகல் ஆஸ்பத்திரி. முழுசா ஒரு வருசம் உள்ள போட்டா சரியாயிரும்" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "அதுவும் சரிதானோ என்னமோ" என்றார். நீ அடுத்த அறையில் படுத்திருந்தாய். உன் முழங்கால் சுவரில் இடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் நான் வீட்டில் இருக்காமல் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். உன் பஸ் வந்தது. ஜன்னலோரம் நீ. என்னைப் பார்த்தாய், பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாய். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறி, பரவை, அதற்கடுத்த ஊர் என்று ஒவ்வொரு ஸ்டாப்பாகப் பார்த்துக்கொண்டே போனேன். சமயநல்லூர் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். மடியில் டிபன் பாக்ஸ். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன்டா இறங்கலை?"

"வீட்ல ஆளு இருக்காங்கல்ல."

"நான்தானே இருக்கேன்."

"இல்லம்மா, பாக்க வந்தவங்க. விசிட்டிங் டைம் முடியட்டும். அப்புறம் வாரேன்."

நீ அதைக் கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. ரயில் தாமதம் என்று சொல்வதைப்போலச் சொன்னாய். உன் குரலும் என் குரலும் ஒரே மாதிரி ஆகிவிட்டிருந்தன. ஒரு கூட்ஸ் வண்டி கடந்து போனது. பிறகு நான், "நாளைக்கு இறங்கு. யாரும் இருக்க மாட்டாங்க" என்றேன். "அத்தை வருமே" என்றாய். "வந்தா நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அத்தை வந்தாள். கூட ஊரிலிருந்து இரண்டு பெண்கள். நீ சொன்னபடி அன்று விளாங்குடியிலேயே இறங்கி வந்து, முகம் கழுவிவிட்டுச் சமையல்கட்டில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாய். அப்பாவுக்கு அன்று வார விடுமுறை, உள்ளே தினசரி படித்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றேன். அதற்குப் பிறகு பேசிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருக்கிறது.

"ஏத்தா, நடு வாசல்ல நிக்கிறே? தள்ளு. என் மருமகன் எங்க?"

"உள்ள இருக்கான் மதினி. ஆனா இன்னிக்கி யாரும் பாக்க முடியாது."

"என்னத்தா பேச்சு இது? நான் யாரோவா?"

"நீங்க யாரோ இல்ல. பகல்ல அவன் ஆஸ்பத்திரியில இருக்கான். சாயங்காலம் வீட்டுக்கு வாரான். இது வீடு மதினி. ஆஸ்பத்திரிக்கு வார மாதிரி இங்க யாரும் வரக் கூடாது."

"நீ டூட்டி டூட்டின்னு ஓடிருவ. இடுப்புல வச்சுப் பால் ஆத்திக் குடுத்தது யாரு?"

"நீங்கதான்."

"அப்பத் தள்ளு."

"மாட்டேன் மதினி."

அவள் பையைப் படியில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கூட வந்தவர்கள் தெருவைப் பார்த்தார்கள். தெரு எங்களைப் பார்த்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். "ஏய், என்ன பண்றே? எங்க அக்காடி அது!" என்றார். "தெரியுதுங்க. இன்னைக்கு இவங்க உள்ள வந்தா நாளைக்கு அவன் வீட்டுக்கு வர மாட்டான். வரலைன்னா அவனைப் பூட்டிருவாங்க. உங்களுக்கு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் படியிலிருந்த பையைக் கையில் எடுத்துக்கொண்டு அக்காளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தார். எனக்கு அப்போது நெஞ்சு படபடக்கவில்லை. வாய் உலரவில்லை. "லைன் கிடைக்கவில்லை சார்" என்று சொல்வேனே, அந்தக் குரல்தான் வந்தது. மரத்துப்போகாத ஒருத்தியாக இருந்திருந்தால், உன்னைத் தூக்கி வளர்த்தவளை அப்படி வாசலில் நிறுத்தியிருக்க முடியாது. அவள் அழுததைப் பார்த்து நானும் அழுது, உள்ளே கூப்பிட்டு, காபி போட்டிருப்பேன்.

அப்பா என்னோடு பல நாள் பேசவில்லை. சாப்பாடு வேண்டும் என்றால் தட்டைத் தட்டுவார். ஆனால் ஒன்று செய்தார். விஷயம் தெரியாமல் ஊரிலிருந்து வருகிறவர்களைத் தடுக்க, விடுமுறை நாட்களில் பஸ் ஸ்டாப் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். மற்ற நாளில் டீக்கடைக்காரரிடமே சொல்லி வைத்திருந்தார். செக்கானூரணி முகம் இறங்கினால் மறித்து, டீ வாங்கிக் கொடுத்து, பழத்தையும் ரொட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். பார்வையாளர் நேரம் வீட்டிலிருந்து டீக்கடைக்கு மாறியது என்று வைத்துக்கொள். அந்த வருஷம் டீக்கடைக்காரர் பிள்ளைகள் நம் சொந்தக்காரர்கள் தயவில் நன்றாகக் கன்னம் உப்பித் திரிந்தார்கள். நீ நாலரைக்கு வந்துகொண்டிருந்தாய். டாக்டரம்மா எழுதிக் கொடுக்கவில்லை.

அத்தை மகள் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. தாய்மாமனுக்குத் தபாலில் பத்திரிகை! தட்டில் வைத்து, நேரில் வந்து, சீர் பேசி அழைக்க வேண்டிய வீட்டுக்கு, தபால்காரர் வீசிவிட்டுப் போனார். அப்பா அதைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்தார். போக முடியாது, போனால் மானம் போகும். போகாமல் இருக்க முடியாது, உடன்பிறந்தாள் வீட்டுக் கல்யாணம். உனக்கென்று சொன்ன பெண் வேறு. நாங்கள் உன்னிடம் காட்டக் கூடாது என்று நினைத்தோம். நீயே எடுத்துப் படித்துவிட்டு, "நான் போயிட்டு வாரேன்" என்றாய். அப்பா வேண்டாம் என்றார். நீ டாக்டரம்மாவிடம் ஒருநாள் லீவு கேட்டு வாங்கி, அயர்ன் செய்த சட்டையோடு தனியாகச் செக்கானூரணி பஸ் ஏறினாய். அங்கே என்ன நடந்தது என்று நீ எங்களிடம் சொன்னதில்லை. அத்தைதான் பிறகு சொன்னாள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாயாம். அவள் உன்னைப் பார்த்ததும் முகம் கோணிக்கொண்டு அழப் போனாளாம். நீ அவள் கையைப் பிடித்து, "அழாதீங்க அத்தை. வீட்டுக்கு வாங்க. ஆனா என்னைப் பாக்க வராதீங்க. சும்மா வாங்க" என்றாயாம்.

அவள் சும்மா வந்தாள். கையில் எதுவும் இல்லை. நேரே சமையல்கட்டுக்குள் போய் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். என்னோடு பேசவில்லை, நான் வைத்த காபியைக் குடித்தாள். நீ உள்ளே வந்தபோது நிமிர்ந்து பார்த்துவிட்டு, கீழே குனிந்து உரித்துக்கொண்டே, "தடிமாடு மாதிரி நிக்கிறியே, ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் இல்லைன்னு தெரியலையா? கேனை எடுத்துட்டுப் போடா" என்றாள். அம்மா என்ன சொல்வாளோ என்று நீ என்னைப் பார்த்தாய். நான் கேனை எடுத்து உன் கையில் கொடுத்தேன். நீ போனதும் அத்தை, "சரியா நின்னியாத்தா அன்னிக்கி. நான் பெத்திருந்தா நானும் நின்னிருப்பேன்" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஈரோட்டில் உன் பக்கத்து அறைக்காரன், கடை முதலாளி, நாளைக்குச் சிநேகிதர்கள் எல்லாரும் வருவார்கள். உன் நோயைப் பற்றி யாரிடம் சொல்ல வேண்டும் என்பது உன் இஷ்டம். ஒருவரிடமாவது சொல்லி வை. ஆனால் உன்னைப் பாயில் உட்கார்ந்து பார்க்கிறவரிடம் சொல்லாதே, மண்ணெண்ணெய் வாங்கிவரச் சொல்கிறவரிடம் சொல். மாத்திரையை நன்றாக இருக்கிறது என்று நிறுத்தாதே. நன்றாக இருப்பதே அதனால்தான். மாதா மாதம் ஊசிக்கு அந்த ஊர் டாக்டருக்கு டாக்டரம்மா சீட்டு கொடுத்திருக்கிறார், அது உன் பர்சில் இருக்கிறது. பழைய பேச்சுச் சத்தம் காதில் திரும்பக் கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு ஸ்டேஷன் பெஞ்சைத் தேடிப் போகாதே. எந்த நேரமானாலும் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு கால் போடு. நான் டூட்டியில் இல்லாவிட்டாலும் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள், அந்த லைனுக்கு நான் வருவேன். உன்னைப் பற்றி யாரும் பேசவில்லை என்று நான் சொல்கிறேன். நான் சொன்னால் நீ நம்புவாய், நாற்பது லைனையும் கேட்கிறவள் அல்லவா?

எனக்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்டாய். டாக்டரம்மாவிடம் நானும் ஒருநாள் கேட்டேன், இப்படி மரத்துப்போனதற்கு ஏதாவது மருந்து உண்டா என்று. "உங்களுக்கும் ஒரு பகல் வார்டு ஆரம்பிக்கணும்மா" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "தாங்குற வரைக்கும் அது தாங்கிக்கிட்டு இருக்கும். அது தேவையில்லைன்னு ஆனப்புறம் தானா விடும். அப்ப வலிக்கும், பயந்துராதீங்க" என்றார். இன்னும் விடவில்லை. நாளைக்குப் பஸ் ஸ்டாண்டில் அப்பா அழுவார், அத்தை அழுவாள். நான் உன் தண்ணீர் பாட்டில் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். அதைப் பார்த்து அம்மாவுக்குப் பாசம் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. உனக்காக என்னிடம் இருந்தது அழுகை இல்லை தம்பி. வாசற்படியில் நிற்கிற இரண்டு கால் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வருகிற திங்கட்கிழமையிலிருந்து எனக்கு மறுபடியும் மத்தியான ஷிப்ட். நானே கேட்டு வாங்கினேன். அப்பா ரிட்டையர் ஆனதிலிருந்து சாயங்காலம் டீக்கடையில்தான் இருப்பார், இப்போது அங்கே யாரையும் மறிப்பதற்காக இல்லை, வாயடிப்பதற்காக. ஆகவே நாலரை மணிக்கு நம் வீடு பூட்டியிருக்கும். பூட்டுக்கு இன்னொரு சாவி செய்து உன் பர்சிலேயே வைத்திருக்கிறேன், ஊசிச் சீட்டுக்குப் பக்கத்தில் பார். லீவுக்கு வரும்போது நீயே திறந்துகொண்டு உள்ளே போ. முகம் கழுவு. பால் இருந்தால் காபி போட்டுக் குடி. நான் டூட்டி முடிந்து எட்டரைக்கு வருவேன். களைத்துப்போய் வருவேன். கதவைத் தட்டுவேன்.

நீ வந்து திற.

அம்மா